முதலில் கால் வைப்பவர்

12 டிசம்பர் 2024, வியாழன்

வேலையிடத்தில் கிறிஸ்மஸ் ஒன்றுகூடல். புதிதாகச் சேர்ந்தவள் கேட்டாள், நீ எங்கிருந்து வந்தாய் என்று. கிளாஸ்கோ என்றேன். "இல்லை, உண்மையாக எங்கிருந்து?" சரி, ஜேர்மன்காரி, விடுவோம். வீட்டுக்கு வந்தால் மாமியின் சிநேகிதி சோபாவில் இருக்கிறார். "பிள்ளை எந்த ஊர்?" கிளாஸ்கோ. "அது சரி, ஊர்?" என் புருசனைப் பெற்ற மாமி குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "வரணி எண்டு சொல்லன், ஏன் இழுக்கிறாய்?" என்றார்.

அப்பா பிறந்த யாழ்ப்பாணத்து வரணிக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு தரம் போயிருக்கிறேன். வயிற்றோட்டத்தோடு திரும்பினேன். கலியாணம் கட்டி இந்த டுசல்டோர்ஃபுக்கு வரும் வரை கிளாஸ்கோ மழையில் நனைந்து வளர்ந்தவளுக்கு ஊர் இல்லையாம்.

15 டிசம்பர், ஞாயிறு

அப்பா போன் எடுத்தார். வருடப்பிறப்புக்கு இங்கே வருகிறாராம். அம்மா போன பிறகு வருகிற முதல் வருடப்பிறப்பு. அங்கே தனியே இருக்க ஏலாது என்றார்.

கிளாஸ்கோவில், எங்கள் பழைய கட்டடத்தில் டிசம்பர் கடைசி இரவு அப்பாதான் ராசா. பன்னிரண்டு அடித்த பிறகு வாசலைத் தாண்டி முதலில் வருபவர் கறுத்த முடி உள்ள ஆணாக இருந்தால் வருடம் முழுக்க நல்லது, மஞ்சள் முடிக்காரன் வந்தால் கூடாது. இது ஸ்கொட்லாந்துக்காரரின் நம்பிக்கை. கட்டடம் முழுக்கச் செம்பட்டையும் மஞ்சளும். நடுவில் எங்கள் அப்பா! மிஸிஸ் மக்காலி நவம்பரிலேயே வந்து சொல்லிவைப்பார்: "ராஜ், முதலில் எங்கள் வீடு." கையில் ஒரு துண்டுக் கரி, கொஞ்சம் உப்பு, வெண்ணெய் பிஸ்கட், ஒரு விஸ்கிப் போத்தல். நான்கு மாடியும் ஏறுவார், வீட்டுக்கு வீடு ஒரு மிடறு. கடைசியில் அவரை இறக்கிக்கொண்டு வர அம்மா போவார்.

பஸ் ஓட்டும்போது அவரைக் கறுப்பன் என்று ஏசியவர்களும் அதே ஊர்க்காரர்தான். அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த ஓர் இரவு அவருடைய கறுப்புக்காகவே கதவுகள் திறந்தன. எனக்கு அந்த வாசம் வேண்டும். ஈரப் படிக்கட்டும் விஸ்கியும் கலந்த வாசம்.

30 டிசம்பர், திங்கள்

எழுதாவிட்டால் எதையாவது உடைப்பேன்.

அப்பா கரியையும் உப்பையும் ஒரு துணியில் முடிந்து கிளாஸ்கோவிலிருந்து கொண்டுவந்தார். நாளை இரவு வெளியே போய் வாசலால் வருவதற்கு. வாசலில் சப்பாத்து கழற்றி வைக்கும் தட்டில் வைத்தார். மாமி கண்டுவிட்டார். கரி, உப்பு, முடிச்சு — செய்வினையாம்! ஆரோ வீட்டுக்கு வைச்சிட்டினமாம்! ஒருவரையாவது கேட்டாரா? ட்ராம் ஏறிப் போய் ரைன் ஆற்றில் எறிந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்து தலையில் தண்ணீர் வார்த்தார். பிறகு வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர். என் கணினியிலும்.

அப்பா எழும்பி நின்று, அது என்னுடையது என்று சொல்லி, வழக்கத்தை விளங்கப்படுத்தினார். பிழை செய்த பள்ளிப் பிள்ளை மாதிரி. மாமி கேட்டுவிட்டுச் சொன்னார்:

"குறை நினையாதேங்கோ அண்ணை. ஆனால் தாரமிழந்தவர் வருசப்பிறப்பிலை முதல் கால் வைக்கக்கூடாது. பிள்ளையளுக்குக் கூடாது."

சுலக்சன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் புருசன்! அவருக்கு வாய் இல்லையா?

மாமியும் மாமாவை இழந்தவர்தானே. தனக்கு மட்டும் இந்தச் சட்டம் இல்லையா?

1 ஜனவரி 2025, புதன்

அப்பா வெளியே போகவில்லை. "தலையிடி பிள்ளை" என்று பதினொரு மணிக்கே படுத்துவிட்டார். நான்கு மாடி விஸ்கிக்கு வராத தலையிடி.

காலையில் முதலில் வந்தவன் மேல்மாடி டோபியாஸ், வாசலில் கிடக்கும் வாணவெடிக் குப்பை யாருடையது என்று சண்டை பிடிக்க. தலை சோளப்பொத்தி மாதிரி மஞ்சள். மாமி அவனுக்கு லட்டு கொடுத்து அனுப்பினார். "வெள்ளையாய், லட்சணமாய் முதல் ஆள் வந்திருக்கு." நான் குளியலறைக்குள் போய்ச் சிரித்தேன். பிறகு அழுதேன்.

3 ஜனவரி, வெள்ளி

அப்பா பயணத் திகதியை மாற்றிக்கொண்டு போய்விட்டார். விமான நிலையத்தில் கேட்டேன்: "ஏன் ஒண்டும் திருப்பிச் சொல்லேல்லை?"

"உன்ரை வீடு பிள்ளை. நான் வந்து குழப்பக்கூடாது."

என்ரை வீடோ? எந்த மூலை என்ரை? அப்பா மீதும் கோபம். தலையைக் குனிய அவருக்கு எங்கே இவ்வளவு பழக்கம் வந்தது?

9 ஜனவரி, வியாழன்

சுலக்சனோடு கதைக்கவில்லை. அவருடைய கறிக்கு உப்பும் போடவில்லை.

18 ஜனவரி, சனி

பெப்ரவரி முதலாம் திகதி புது வீட்டுச் சாவி தருகிறார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் மட்டுமான வீடு. மாமி அதற்குள் எல்லாம் தீர்மானித்துவிட்டார்: சுலக்சனின் அக்கா கம்சனா மச்சாளும் அவருடைய கணவரும் உப்பும் மஞ்சளும் கொண்டு முதலில் போவார்களாம், பிறகு பால் காய்ச்சலாம். உப்பு! அப்பா கொண்டுவந்தால் செய்வினை, மச்சாள் கொண்டுபோனால் மங்களம்.

சுலக்சனிடம் சொன்னேன்: "என்ரை அப்பா முதல் கால் வைக்காத வீட்டுக்கு நான் வரேல்லை. நீங்கள் அக்காவோடை போய்க் குடியிருங்கோ."

"நீர் ஏன் இதைப் பெரிசாக்கிறீர்? ஒரு வாசல்தானே."

ஒரு வாசல்தானே! அப்ப உங்கடை அம்மாவுக்குச் சொல்லுங்கோவன், ஒரு வாசல்தானே எண்டு.

24 ஜனவரி, வெள்ளி

சுலக்சன் அப்பாவுக்கு டிக்கெட் போட்டிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. அப்பா சொல்லித்தான் தெரியும். அப்பாதான் முதல் கால் வைப்பார் என்று மாமியிடமும் சொல்லிவிட்டாராம். சந்தோசப்பட வேண்டும் போல. படவில்லை. இதை டிசம்பரில் செய்திருக்கலாம்.

1 பெப்ரவரி, சனி

அப்பாதான் முதலில் போனார். வலது கால், கையில் உப்பு. மிஸிஸ் மக்காலி வீட்டுக்குப் போவது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார். அதைப் பார்க்கத்தானே இவ்வளவு சண்டை.

மச்சாள் கோபத்தில் வரவில்லை. மாமி வந்தார், ஆனால் படிக்கட்டிலேயே நின்றுவிட்டார். கூப்பிட்டேன். "பால் பொங்கட்டும். பிறகு வாறன்." எனக்கு உச்சியில் ஏறியது. இன்றைக்குமா முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும்? உள்ளே வந்து சுலக்சன் மேல் பாய்ந்தேன்.

அவர் மெதுவாகச் சொன்னார்: "அம்மா கோவத்திலை நிக்கேல்லை. அப்பா செத்தாப் பிறகு எங்கையும் இப்பிடித்தான். அக்கான்ரை வீட்டுப் பால் காய்ச்சலுக்கும் படியிலைதான் நிண்டவ."

சொந்த மகள் வீட்டுக்கு! யாராவது எனக்குச் சொன்னார்களா? சொல்லியிருந்தாலும் கத்தியிருப்பேன், வேறு யார் மேலாவது. அந்த மச்சாள் உள்ளே நின்று பால் காய்ச்சினாரே, தாயைப் படியில் விட்டுவிட்டு. இந்த மகனும் பார்த்துக்கொண்டு நின்றாரே.

வெளியே போய் மாமியின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"விடு பிள்ளை! கூடாது! உனக்குத்தான் கூடாது!"

"கூடாட்டில் நான் பாத்துக்கொள்ளுறன், வாங்கோ!"

அவர் கத்த, நான் கத்த, கீழ்வீட்டுக் கதவு திறந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தார். அப்பா உள்ளேயிருந்து, "வாங்கோ அக்கா, நானே வந்திட்டன், இனி என்ன வரக் கிடக்கு" என்றார். எந்தக் காலை வைத்து மாமி உள்ளே வந்தார் என்று ஒருவரும் பார்க்கவில்லை. பாலையும் பார்க்கவில்லை. பொங்கி வழிந்து, புது அடுப்பெல்லாம் தீய்ந்து மணத்தது. மாமி துணியை என் கையிலிருந்து பறித்துத் தானே துடைத்தார். என்னைக் கிட்டவும் விடவில்லை. இப்படியா பால் காய்ச்சுவது என்று துடைத்து முடியும் வரை ஏசினார்.