பக்கத்து சீட்டு பிரேக்

அன்புள்ள கண்ணாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், அப்பா சுகம், நம் டிரைவிங் ஸ்கூல் காரும் புது டயர் போட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறது. அங்கே நீயும், ஏசி பெட்டிகளைத் தூக்கித் தூக்கி வலிக்கிறது என்றாயே அந்த முதுகும் எப்படி என்று முதலில் எழுது. போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ சரிம்மா சரிம்மா என்று சொல்லி வைத்துவிடுகிறாய், கடிதத்தில் அந்த வித்தை நடக்காது, உட்கார்ந்து கடைசிவரை படித்துத்தான் ஆகவேண்டும்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லத்தான் இது. சொந்தமாக ஏசி ரிப்பேர் பட்டறை வைக்க நீ சேர்த்த பணம் முழுவதையும் கரன்சி டிரேடிங்கில் போடப்போகிறேன், ஒரே வருஷத்தில் இரட்டிப்பாக்கிக் காட்டுகிறேன் என்று நீ சொன்னாய், அப்பா "உனக்கு மூளை கழண்டுபோச்சாடா" என்று கத்தினார், நீ போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு இந்த ரெண்டு மாசமாக நீ கூப்பிட்டால் என்னிடம் மட்டும் பேசுகிறாய், அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அடுத்த அறைக்குப் போய்விடுகிறார், கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவருக்கு வீட்டில் வந்து துடைக்க என்ன இருக்கிறது? நடுவில் மாட்டிக்கொண்ட நான், கொஞ்சம் பொறு, அது என்ன ஏதென்று நானே இறங்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். நீ சிரித்தாய். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள் கரன்சியில் என்ன கிழித்துவிடுவாள் என்று நினைத்திருப்பாய். என்ன கிழித்தேன் என்று கேள்.

முதலில் பயிற்சிக் கணக்குதான் திறந்தேன், அதில் பணம் வெறும் எண்தான், போனாலும் யாருக்கும் நஷ்டமில்லை. யூரோ ஏறும் என்று தோன்றினால் டாலரைக் கொடுத்து யூரோ வாங்குவது, சொன்னபடி ஏறினால் லாபம், இறங்கினால் நஷ்டம், இவ்வளவுதானே என்று முதல் நாளே தைரியமாக இறங்கிவிட்டேன். எவ்வளவு வாங்க வேண்டும் என்ற கட்டத்தில் சைபர் புள்ளி சைபர் ஒன்று என்று அடிக்க வேண்டியவள் வெறும் ஒன்று என்று அடித்திருக்கிறேன், அதாவது நினைத்ததைப் போல நூறு மடங்கு. டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து பார்த்தால் கணக்கில் பாதியைக் காணோம். புள்ளி சரியாகத் தெரியவில்லை, கண் பவர் மாறியிருக்கும் என்று அப்பாவிடம் போய் நின்றேன். அவரும் கடையில் உட்கார வைத்து எல்லா லென்ஸையும் மாட்டிக் கழற்றிவிட்டு, "கண்ணு நல்லாத்தான் இருக்கு, அவசரம்தான் ஏறியிருக்கு, அதுக்கு என்கிட்ட கண்ணாடி இல்லை" என்றார். பயிற்சிக் கணக்காக இருந்ததால் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறோம், உன் பட்டறைப் பணமாக இருந்திருந்தால் சிரிப்பா வந்திருக்கும்? இன்னொன்றும் கேட்டுக்கொள், இந்தக் கம்பெனிக்காரர்கள் கையில் இருக்கும் பணத்துக்குப் பல மடங்கு பெரிய வியாபாரம் செய்ய விடுகிறார்கள், அதைச் சலுகை மாதிரி வேறு சொல்கிறார்கள். லைசென்ஸ் எடுக்காத பிள்ளையிடம் லாரிச் சாவியைக் கொடுத்துவிட்டு, பார் உன்மேல் எனக்கு எவ்வளவு நம்பிக்கை என்று சொல்வது போலத்தான் அது, வாங்காதே.

மாடி வீட்டு ரேடியோவை ஞாபகம் இருக்கிறதா, வாய் ஓயாத அந்த மனிதர்தான், அவர் எப்படியோ மோப்பம் பிடித்து, ஒரு குரூப் இருக்கிறது, எப்போது வாங்க வேண்டும் எப்போது விற்க வேண்டும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள், மாசா மாசம் லாபம் நிச்சயம் என்று படிக்கட்டில் என்னை நிறுத்தி வைத்துச் சொன்னார். நிச்சயம் என்று சொல்கிறவனைக் கண்டால் எனக்கு உடனே இறங்கிவிட வேண்டும் போல இருக்கும். அனுமதி வாங்கிய கம்பெனிகளின் பெயரை அரசாங்கமே வெளியிட்டிருக்கிறது, தேடிப் பார்த்தேன், ரேடியோ சொன்ன பெயர் அதில் இல்லை. நான் அதில் இருக்கிற ஒரு கம்பெனியில் கொஞ்சமாகப் போட்டு, வியாபாரமே செய்யாமல் அதில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பணம் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் நிஜக் கணக்கைத் தொடங்கினேன். நீயும் அப்படியே செய், போகிற வழியைவிடத் திரும்பி வருகிற வழியை முதலில் பார்த்துக்கொள்.

நான் போட்டது ஒரு மாணவியின் முழுக் கோர்ஸ் ஃபீஸ், அவ்வளவுதான். போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டு அன்றைக்கு நன்றாகத் தூங்க முடிகிற தொகை. ஒரு வியாபாரத்தில் அதில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்று வைத்துக்கொண்டேன். விலை இந்த இடத்துக்கு இறங்கினால் தானாகவே அந்த வியாபாரத்தை மூடிவிடு என்று முதலிலேயே சொல்லி வைக்கிற ஏற்பாடு உண்டு, ஸ்டாப் லாஸ் என்கிறார்கள், உனக்குத் தெரிந்திருக்கும். வைத்தேன். இத்தனை வருஷமாக ஊரில் பாதிப் பேருக்குப் பிரேக் போடக் கற்றுக்கொடுத்தவள் இதை வைக்கமாட்டேனா? ஆனால் கண்ணா, விலை அந்த இடத்துக்குப் பக்கத்தில் வந்ததும் என் கை என்ன செய்தது தெரியுமா, அந்த இடத்தைக் காட்ட திரையில் போட்டிருந்த கோட்டைக் கொஞ்சம் கீழே நகர்த்தியது. இப்போது திரும்பிவிடும், இதோ திரும்பிவிடும் என்று இன்னும் கொஞ்சம் நகர்த்தியது. கடைசியில் நினைத்ததைப் போல மூன்று மடங்கு போன பிறகு மூடினேன். தொகை சின்னதுதான், ஆனால் என்மேலேயே எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "உன் கார்ல மட்டும் பக்கத்து சீட்டுக்கு ஒரு பிரேக் வச்சிருக்கியே, இதுல ஏன் வைக்கலை?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே அவர் போனிலும் என் கணக்கைப் போட்டுக் கொடுத்தேன். நான்தான் வாங்குவேன் விற்பேன், அவர் வேறு எதையும் தொடக்கூடாது, ஆனால் நான் முதலில் வைத்த கோட்டுக்கு விலை வந்தால் என்னைக் கேட்காமலே மூடிவிட வேண்டும். இதுதான் பேச்சு.

சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை, மறுபடியும் கோட்டை நகர்த்திவிட்டு வகுப்புக்குக் கிளம்பிவிட்டேன், பழகிய கை சும்மா இருக்குமா? திரும்பி வந்து பார்த்தால் அந்த வியாபாரம் மூடிக் கிடக்கிறது. கடையில் யாருக்கோ ஃபிரேம் காட்டிக்கொண்டிருந்த அப்பா, வந்தவரை ஒரு நிமிஷம் நிற்க வைத்துவிட்டு மூடுகிற பட்டனை அமுக்கியிருக்கிறார். அதுகூடப் பரவாயில்லை, மூடிய கொஞ்ச நேரத்தில் விலை திரும்பி, நான் வாங்கின இடத்தையும் தாண்டி ஏறி உட்கார்ந்திருக்கிறது! எனக்கு வந்ததே ஆத்திரம். "நானே மூடியிருப்பேனே, அதுக்குள்ள என்ன அவசரம் உங்களுக்கு" என்று கத்தினேன், ரெண்டு நாள் அவரோடு பேசவே இல்லை. அவர் பாட்டுக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலையில் என்னிடம் கற்றுக்கொள்ள வருகிற பல் டாக்டரம்மா வண்டியை எடுத்தாள். கெட்டிக்காரி, ஆனால் கால் மட்டும் எப்போதும் யோசித்துவிட்டுத்தான் பிரேக்குக்குப் போகும். கிளைத்தெரு திரும்புகிற இடத்தில் ஒரு தண்ணீர் லாரி ரிவர்ஸில் எங்களை நோக்கி வந்துகொண்டிருக்கிறது, இவள் அமுக்குவாள் அமுக்குவாள் என்று பார்த்து நான் என் பக்கத்துப் பிரேக்கை அமுக்கினேன். வண்டி நின்றது, லாரியும் எங்களை இடிக்காமல் வேறு பக்கம் ஒடித்துக்கொண்டு போய்விட்டது. உடனே அவள் என் பக்கம் திரும்பி, "நானே அமுக்கியிருப்பேனே மேடம், அதுக்குள்ள என்ன அவசரம்" என்றாள். நான் அப்பாவிடம் கத்தின அதே பேச்சு! நான் டேஷ்போர்டைத் தட்டித் தட்டிச் சிரித்தேன், அந்தப் பெண் பயந்தே போய்விட்டாள். அவள் அமுக்கியிருப்பாளா மாட்டாளா, லாரி இடித்திருக்குமா இடித்திருக்காதா, யாருக்குத் தெரியும்? அது தெரியாததால்தானே என் காலடியில் ஒரு பிரேக் இருக்கிறது. வகுப்பு முடிந்ததும் நேராகக் கடைக்குப் போய், அடுத்த தடவையும் அமுக்குங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். "நீ திட்டினாலும் அமுக்கத்தான் போறேன்" என்றார்.

இப்போது என் கணக்கு போட்ட தொகைக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது. லாபம் என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஒரு கிலோ தக்காளிக்கே யோசிக்க வேண்டும். ஆனாலும் கவிழாமல் ஓட்டுகிறேன், ஆரம்பத்தில் அதுதான் வேண்டும். அப்பா காலையில் பல் தேய்த்துக்கொண்டே யூரோ எப்படி இருக்கு என்று கேட்கிறார், ஏதோ ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற மச்சானை விசாரிப்பது போல. போன வாரம் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே சம்பந்தமே இல்லாமல், "அவன் பக்கத்துல யாரு உட்கார்ந்திருக்கா?" என்று கேட்டார். எவன் என்று நான் கேட்கவில்லை. கண்ணா, இந்த ரெண்டு மாசத்தில் உன்னைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது.

அதனால் என் பதில் இதுதான். தொடங்கு. நீ என்னைவிட நன்றாகவே செய்வாய், எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பட்டறைப் பணத்தில் ஒரு காசு தொடாதே, அது பட்டறைக்குத்தான், ஒரு வருஷம் தள்ளித் திறந்தாலும் பட்டறை பட்டறைதான். போனால் போகட்டும் என்று சொல்ல முடிகிற தொகையை மட்டும் போடு, பயிற்சிக் கணக்கில் கொஞ்ச நாள் முட்டி மோதிவிட்டு வா. பக்கத்து சீட்டில் அப்பாவை உட்கார வை. நீ ஏசி பெட்டியோடு எந்தக் கூரைமேல் நின்றாலும் அவர் இங்கே முழித்துக்கொண்டுதான் இருப்பார். அதற்கு நீ முதலில் அவரோடு பேச வேண்டும், அதை என்னால் உனக்காகச் செய்ய முடியாது.

முதுகுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள், பெட்டியைத் தனியாகத் தூக்காதே, சாப்பாட்டை நின்றுகொண்டு சாப்பிடாதே. எடுத்த காரியம் எல்லாம் உனக்குக் கைகூட வேண்டும், நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். அப்பாவைக் கூப்பிட மறந்துவிடாதே.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா

(இதற்குக் கீழே அப்பா ஏதோ எழுத வேண்டும் என்று பேனாவைப் பிடுங்குகிறார்.)

உன் அம்மா ரெண்டு நாள் பேசலை. நீ ரெண்டு மாசம் பேசலை. எனக்குப் பழகிப்போச்சு. நீ திட்டினாலும் அமுக்குவேன். ஞாயிற்றுக்கிழமை நானே கூப்பிடுறேன், எடு.