மஞ்சள் தூக்கல்

மார்ச் 3
இவருடைய ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. கொழுப்பு எக்கச்சக்கம். உப்பையும் எண்ணெயையும் குறைத்து, ருசிக்கு மஞ்சள், மிளகு, பட்டை, வெந்தயம் சேர்க்கச் சொன்னார் நர்ஸ். சொல்வதற்கென்ன? இவர் இருபது வருடமாக எங்கள் ஃபேக்டரி கேன்டீனில் சமையல்காரர். என் சமையலில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் வீட்டில் பொழுதுபோக்கு, கொஞ்ச நாளாகத்தான் அடங்கியிருக்கிறார். இவருக்கு உப்பைக் குறைத்துப் போட்டுவிட்டு நான் நிம்மதியாக இருந்துவிட முடியுமா?

மார்ச் 5
பாலில் மஞ்சள், மிளகு. முட்டையில் மஞ்சள். சூப்பில் பட்டை. வீடே மருந்துக்கடை மாதிரி நாறுகிறது என்று மகள் மூக்கைப் பிடித்தாள். இவர் வாயே திறக்கவில்லை. குடித்தார், போனார்.

மார்ச் 9
என் வெள்ளை யூனிஃபார்ம் கையில் மஞ்சள் கறை. எங்கள் பேக்கிங் பிரிவு சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். யாருக்காக இந்தப் பாடு? சாப்பாடு எப்படி இருக்கிறது என்று இவரைக் கேட்டால் "நல்லா இருக்கு." தினமும் அதே நல்லா இருக்கு! முன்பெல்லாம் அரைச் சிட்டிகை உப்புக்கு அரை மணி நேரம் பேசுவார். ஒரு வார்த்தை திட்டினால்தான் என்ன? நான் செய்வது அவ்வளவு அலட்சியமா?

மார்ச் 12
இவரோடு பேச்சை நிறுத்திவிட்டேன். அவர் அதைக் கவனித்த மாதிரியும் இல்லை.

மார்ச் 14
இன்று வேண்டுமென்றே செய்தேன். காய்கறி சூப்பில் உப்பே போடவில்லை. வெந்தயப் பொடி மட்டும் இரண்டு ஸ்பூன். ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினேன், அத்தனை கசப்பு. அவர் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, "மஞ்சள் சரியா இருக்கு" என்றார்.

மஞ்சளே போடவில்லை. அது வெந்தயத்தின் நிறம்.

சொன்னேன். கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"டிசம்பர்ல வந்த அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் வாசனையும் தெரியல, ருசியும் தெரியல. மூணு மாசமாச்சு. வெளில தெரிஞ்சா கரண்டியை வாங்கிடுவாங்க."

கேன்டீனில் கண்ணளவு, கையளவு, பழக்கம் — அப்படியே ஓட்டியிருக்கிறார். என்கிட்டகூட சொல்லலையே! பாவி மனுஷன். நான் மட்டும் என்ன? மூன்று மாதமாக இவர் குறை சொல்லவில்லை. ஏன் என்று ஒரு நாளாவது யோசித்தேனா? கோபப்படத்தான் தெரிந்தது.

மார்ச் 16
காது மூக்கு தொண்டை டாக்டர். ருசி திரும்பலாம், திரும்பாமலும் போகலாமாம். கிராம்பு, பட்டை, மிளகைக் காலையும் மாலையும் முகர்ந்து பார்க்கச் சொன்னார். மூன்று டப்பாவையும் மேஜைமேல் வைத்தேன். கண்ணை மூடி ஒவ்வொன்றாக முகர்ந்தார். தலையாட்டினார், இல்லை என்று.

மார்ச் 20
இன்றும் இல்லை. எரிச்சலில் மிளகு டப்பாவைத் தட்டிவிட்டார். பொறுக்கியது நான்.

ஏப்ரல் 2
பதினோரு மணி இடைவேளை. வழக்கம்போல கேன்டீன் ஜன்னல் வழியாக ஒரு கரண்டி சாம்பார் நீட்டினார். இந்த இரண்டு வாரமாக அவருக்கு நாக்கு நான்தான்.

"உப்பு கம்மி. மஞ்சள் தூக்கல்," என்றேன்.

முறைத்தார். "எனக்கே சொல்றியா?"

எத்தனை மாதமாயிற்று இந்த முறைப்பைப் பார்த்து. உள்ளே போய் உப்பு டப்பாவைத் திறந்தார். நான் வாயைத் துடைத்துக்கொண்டு பேக்கிங்குக்குத் திரும்பினேன்.