சந்தனம் அடைத்த சாவித் துளை

என் பிரியமுள்ள ஏழுமலைக்கு,

உனக்குக் கடுதாசி படிக்கப் பொறுமை கிடையாது. தபால்காரன் கொடுப்பதை அப்படியே என்னிடம் நீட்டி, "பூக்காரா, விஷயத்த மட்டும் சொல்லு" என்பாய். விஷயத்தை மட்டும் சொல்ல இந்தத் தடவை எனக்கு வாய் வரவில்லை. அதனால் நீட்டித்தான் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

சரோஜாவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. நீ பேசி முடித்த அதே ஸ்ரீராம்புரத்துப் பையன்தான், மில் வேலைக்காரன். தகப்பன் செத்து வருஷம் திரும்புவதற்குள் பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள், கட்டிக்கொடுத்தோம். உன் பெண் அழவில்லை. அவள் அழாமல் இருந்ததைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீ கேட்டது ஒன்றுதான். "மாப்ள என் வண்டியிலதான் வந்து மண்டபத்துல எறங்கணும். நான் இருந்தாலும் சரி, இல்லன்னாலும் சரி." நான் தலையை ஆட்டினேன். உனக்குத் தலையணையிலிருந்து கழுத்தைத் தூக்கத் தெம்பில்லை, அப்போதும் அதட்டல் குறையவில்லை. "தலைய ஆட்டாத. வாயால சொல்லுடா" என்றாய். சொன்னேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எங்கள் கண்டோன்மென்ட் பக்கத்தில் மாப்பிள்ளை அழைப்பு என்றால் ஏழுமலையின் திறந்த கார்தான். சுதந்திரம் வந்து ஊரைவிட்டுப் போன துரை ஒருவர் தன் டிரைவரான ஏழுமலைக்கே கொடுத்துவிட்டுப் போன வண்டி அது. மேல்கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிட்டால் மாப்பிள்ளை ராஜா மாதிரி உட்காரலாம். ஓட்டுவது அவன், பூ அலங்காரம் நான். அல்சூரிலும் பிரேசர் டவுனிலும் எத்தனை மாப்பிள்ளைகளைச் சுமந்திருப்போம் என்று எங்கள் இருவருக்குமே கணக்குத் தெரியாது.

இத்தனை வருஷத்தில் ஒருநாளாவது என்னை அந்த ஓட்டுகிற இருக்கையில் உட்காரவிட்டாயா? "பூ நாறுற கையோட ஸ்டியரிங்க தொடாத" என்று விரட்டுவாய். நீ மட்டும் சென்ட் பூசிக்கொண்டு பிறந்தவன்!

சாவி போடுமுன் நீ செய்கிற கூத்தெல்லாம் எனக்கு மனப்பாடம். சாவியைக் கண்ணில் ஒற்றுவாய். சாவித் துளைக்கு மேலே மோதிர விரலால் மிளகளவு சந்தனம், அதன்மேல் குங்குமம். பிறகுதான் சாவியைப் போட்டுத் திருப்பி, பக்கத்து ஸ்டார்ட்டர் குமிழை இழுப்பாய். வண்டி ஒரு தும்மல் போட்டுவிட்டு உறுமும். அந்தச் சத்தம் கேட்டதும் உன் பெண்டாட்டி, என் அண்ணி, ஈரக் கையோடு சமையல்கட்டிலிருந்து ஓடிவந்து, சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கல்லை எடுப்பார். உன் வாசல் சரிவு அப்படி, கல் இல்லாமல் வண்டி நிற்காது.

அழைப்பு அன்றைக்கு ரஸ்ஸல் மார்க்கெட்டிலிருந்து மல்லியும் சம்பங்கியும் ரோஜாவும் கூடை கூடையாக இறக்கினேன். எந்தக் கல்யாணத்துக்கும் அப்படிக் கட்டியதில்லை. ஓட்டுவதற்கு டாக்சி ஸ்டாண்டு தேவராஜைச் சொல்லி வைத்திருந்தேன். அவன் சாவியைப் போட்டான். திரும்பவில்லை. எடுத்து வேட்டியில் துடைத்துப் போட்டான், முன்னும் பின்னும் ஆட்டினான், உன் பெயரைச் சொல்லிக்கூடப் போட்டுப் பார்த்தான். அது அசையவில்லை. சாவி திரும்பாவிட்டால் முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றியும் பிரயோசனம் இல்லையாமே? "இன்னாண்ணா இது, கல்லாட்டம் கீது. எனக்கு வேற சவாரி இருக்குது, பேஜார் பண்ணாதீங்க" என்று அவன் நழுவிவிட்டான். முகூர்த்த நாள், வேறு திறந்த வண்டியும் எங்கும் கிடைக்கவில்லை.

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பூட்டு சாவி ரிப்பேர் செய்கிற பாஷா பாயைக் கூட்டிவந்தேன். அவர் வளைந்த கம்பி ஒன்றைத் துளைக்குள் விட்டுச் சுரண்டினார். உள்ளங்கையில் கொட்டியதைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அரே, இதுக்குள்ள என்னா ரொப்பி வெச்சிருக்கீங்க? பூரா சந்தனம். சிமிட்டி கணக்கா புடிச்சிக்கிச்சி."

அண்ணி வாசற்படியில் நின்றிருந்தார். "நான்தான் வெச்சேன் பாய்" என்றார். "அவரு ஆஸ்பத்திரியில இருந்தப்ப வெள்ளிக்கெழம தவறாம நெறைய கொழச்சி வெச்சேன். எழுந்து வந்து வண்டிய எடுக்கணும்னு."

பாய் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். மிளகளவு வைக்க வேண்டிய இடத்தில் அண்ணி பிடி பிடியாக அப்பியிருக்கிறார், ஏழுமலை. நீ எழுந்து வருவதற்காக வைத்த சந்தனம் நீ விட்டுப்போன வண்டியைப் பூட்டிவிட்டது. இதற்கு யாரை நோவது? நீ போனதிலிருந்து அவர் சந்தனக் கல்லைத் தொடுவதே இல்லை, அது உனக்குத் தெரியுமா?

"வெச்சது தப்பில்லம்மா" என்றார் பாய். "மண்ணெண்ண ஊத்தி ஊற வெக்கணும். நாளைக்கு பாக்கலாம்."

"நாளைக்கா? சாயங்காலம் அழைப்பு பாய்" என்றேன் நான். அவர் இன்னொரு முறை திருப்பிப் பார்த்தார். சாவிதான் முறுக்கிக்கொண்டது. உடைந்துவிடும் என்று கையை எடுத்துவிட்டார். மெக்கானிக்கைக் கூப்பிட்டு டாஷ்போர்டு பலகைக்குப் பின்னால் வயரை அறுத்துச் சேர்த்தால் சாவி இல்லாமலே கிளம்பும் என்றார்.

அண்ணி அதற்குச் சம்மதிக்கவில்லை. "திருட்டு வண்டி மாதிரியா? அவரு சாவி போடாம அந்த வண்டி கெளம்ப வேணாம் தம்பி. என் பொண்ணு கல்யாணத்துல வேணாம்." நான் கெஞ்சிப் பார்த்தேன். உன் பெண்டாட்டி ஒன்றை வேண்டாம் என்றால் வேண்டாம்தான், நீயே அவரிடம் ஜெயித்ததில்லை.

வேறென்ன செய்வது? தள்ளினோம்! ஊர்வலம் எப்படியும் நடக்கிற வேகத்தில்தான் போகும். நாதஸ்வரமும் தவிலும் முழங்கும்போது இன்ஜின் சத்தம் யார் காதில் விழப்போகிறது? பின்பக்கத்தில் தரையைத் தொடுகிற மாதிரி மல்லிகைச் சரமாகத் தொங்கவிட்டேன். தெரு ஆட்கள் நான்கு பேர் அதற்குப் பின்னால் குனிந்துகொண்டார்கள். ஸ்டியரிங் பிடிக்க ஆள் வேண்டுமே. பூ நாறுகிற கையோடு உன் இருக்கையில் நான் உட்கார்ந்தேன். என்னை மன்னித்துவிடு.

பிள்ளையார் கோயிலில் மாப்பிள்ளை ஏறினார். வண்டி நகர்ந்தது. சனமெல்லாம் வேடிக்கை பார்த்தது. பாதி வழியில் அவர் குனிந்து, "மாமா, சத்தமே காணோமே, புது இன்ஜினா?" என்று கேட்டார். "உங்க மாமனாரு வண்டிய அப்படி வெச்சிருந்தாருப்பா" என்றேன். அந்த நேரம் எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா? சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்றே நினைத்துவிட்டேன்.

மண்டபத்துக்கு முன்னால் வருகிற மேட்டை நான் மறந்தே போனேன். நீ இருந்தால் மறந்திருப்பாயா? மேளக்காரர்கள் வாசித்துக்கொண்டே மேலே ஏறிப் போய்விட்டார்கள். நாங்கள் பாதி மேட்டில் நின்றோம். பின்னால் நாலு பேரும் மூச்சுமுட்டித் தள்ளியும் வண்டி பின்னோக்கி உருள ஆரம்பித்தது. அத்தனை வருஷம் பக்கத்தில் நின்று பார்த்த உன் காலை நினைத்துக்கொண்டு நடு மிதியை ஓங்கி மிதித்தேன். வண்டி குலுங்கி நின்றது. மாப்பிள்ளையின் தலைப்பாகை உருண்டு தெருவில் விழுந்தது. அதை எடுக்க ஓடிவந்த அவருடைய தாய்மாமன் பூச்சரத்துக்குப் பின்னால் இருந்தவர்களைப் பார்த்துவிட்டார்.

"ஏன்ரீ இது, வண்டிய தள்ளிக்கினு வர்றீங்க?" என்று கன்னடம் கலந்து கத்தினார். நான் உள்ளதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ? "செத்தவன் வண்டி நவுராதுன்னு தெரிஞ்சே நம்ம பையன ஒக்கார வெச்சிருக்காங்க. அபசகுனம்! எறங்குடா கீழ."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நல்ல பையன்தான், ஆனால் மாமனை எதிர்த்துப் பேசுகிற பையன் இல்லை. சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொல்லிவிட்டு நான் இறங்கிப்போய்க் கதவைத் திறந்துவிட்டேன். மண்டபத்து விளக்குகள் அங்கிருந்தே தெரிந்தன. அவர் அந்தக் கொஞ்ச தூரத்தை நடந்து போனார். காலி வண்டியை வாசல்வரை தள்ளிக்கொண்டு போக எனக்கு மனசு வரவில்லை. வைத்த கல்லோடு மேட்டிலேயே விட்டுவிட்டோம். பூ அப்படியே இருந்தது, காலையில் வண்டியை உன் வாசலுக்குத் தள்ளிவரப் போனபோது எல்லாம் கறுத்துப்போயிருந்தது.

தாலி கட்டி முடிந்ததும் சரோஜா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "சித்தப்பா, அவரு அப்பா வண்டியிலதான வந்தாரு?"

"ஆமாம்மா."

"எறங்கும்போது நீங்கதான் கதவ தொறந்தீங்களா?"

"நான்தாம்மா தொறந்தேன்" என்றேன். அது பொய் இல்லை.

ஆடிக்கு அவளை அழைத்துவரப் போனேன். தாய்மாமன் என்னை வாசலிலேயே நிறுத்தினார். "அந்த வூட்டு சம்பந்தம் முடிஞ்சிது, வாசப்படி எங்களுக்கு ராசியில்ல" என்றார். உள்ளே யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. அது சரோஜாதானா என்றுகூடத் தெரியாமல் திரும்பி வந்தேன். கொண்டுபோன பூவைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன்.

இப்போது வண்டியும் இல்லை. பெண்ணும் இல்லாத வீட்டில் தனியாக என்ன செய்வது என்று அண்ணி ஜோலார்பேட்டைக்குத் தன் அண்ணன் வீட்டோடு போகிறார். வண்டியைப் பழைய இரும்புக்காரனுக்கு விலை பேசி விற்றுவிட்டோம். அவன் ஆள் ஒருவன் பீடியைக் கடித்துக்கொண்டே வந்தான். பலகைக்கு அடியில் கையை விட்டு இரண்டு வயரை அறுத்து முறுக்கினான். முன்னால் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினான். உன் வண்டி ஒரு தும்மல் போட்டுவிட்டு உறுமியது.

ஏழுமலை, அந்தச் சத்தத்துக்கு அண்ணி சமையல்கட்டிலிருந்து ஓடிவந்தார். கையெல்லாம் ஈரம். யாரையும் பார்க்கவில்லை, நேரே குனிந்து சக்கரத்துக் கல்லை எடுத்தார். எடுத்த பிறகுதான் ஓட்டுகிறவன் முகத்தைப் பார்த்தார். வண்டி சரிவில் இறங்கிப் போய்விட்டது. கல்லை இடுப்பில் அணைத்தபடி அவர் அங்கேயே நின்றார். நான் எவ்வளவு கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

சாவியை நீட்டினேன், அந்த ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். முறுக்கிப்போன அந்தச் சாவி என் பூக்கூடையில் கிடக்கிறது. நான் வேறு வண்டிக்குப் பூக் கட்டப் போவதில்லை. கட்டிப் பார்த்தேன், கை வரவில்லை.

தலை தீபாவளிக்கு மறுபடி ஸ்ரீராம்புரம் போவேன். அனுப்பமாட்டார்கள், எனக்குத் தெரியும். அதற்கு அடுத்த வருஷமும் அனுப்பமாட்டார்கள். ஆனாலும் அந்த வாசலில் போய் நின்று, உள்ளே இருப்பவள் காதில் விழுகிற மாதிரி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு வருவேன். தலையை ஆட்டவில்லையடா, இதையும் வாயால்தான் சொல்கிறேன்.

உன் சரோஜாவுக்குச் சித்தப்பன்,
பூக்கார முனுசாமி