பேனரில் இல்லாத பத்தாவது பெயர்

என் அம்மா ரோசம்மாவுக்கு,

'என் அம்மா' என்று எழுத எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று யோசித்தே மூன்று தாள்களைக் கசக்கிப் போட்டேன். நீ இருந்திருந்தால், "இன்னாடி, தாளை வீணாக்கிகினு கீற?" என்று கேட்டிருப்பாய்.

முதலில் உனக்குப் பிடித்த சேதியைச் சொல்கிறேன். எண்ணூரில் இருக்கும் நம் 'பிள்ளைகள் கிராமம்' இல்லத்தில் இடம் போதவில்லை. நெட்டுக்குப்பம் பக்கம் இன்னொன்று கட்டுகிறார்கள். ஆறு வீடுகள், ஒரு பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்துக்குக் கான்கிரீட் கூரை போட்டாயிற்று.

நீ வந்தபோது நாலு ஓட்டு வீடும், பள்ளிக்கூடம் என்ற பெயரில் ஒரு தகரக் கொட்டகையும்தானே இருந்தன? மழை பெய்தால் டீச்சர் வாய் அசைவதுதான் தெரியும். ராயபுரத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்த நீ, கூடையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு ஓர் அம்மா என்ற கணக்கில் நாலாம் வீட்டுக்கு அம்மாவாக வந்தாய். பெற்றவர்கள் இல்லாத பத்துப் பேர் உனக்குப் பிள்ளைகள் ஆனோம்.

எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே சமையல்கூடம் போதும் என்று நிர்வாகத்தார் சொன்னபோது நீ போட்ட சண்டையை மறக்க முடியுமா? "ஒரே அண்டால வடிச்சா அது ஹாஸ்டலு சார். நாலு வூட்ல நாலு அடுப்பு எரியணும். எம் புள்ள இஸ்கூல் வுட்டு வந்து, இன்னாம்மா கொழம்புன்னு கேக்கணும்." நாலு வீட்டிலும் நாலு அடுப்பு வந்தது.

உனக்குப் பிடிக்காத அதே சொல்லைத்தான் என் கல்யாணத்தன்று உன்மேல் வீசினேன்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் நான் சொல்லியிருந்ததெல்லாம் பொய். கல்லூரியில் படிக்கும்போது அப்பா அம்மா இறந்துவிட்டார்கள் என்று சொல்லியிருந்தேன். என் தோழியின் அப்பாவும் அம்மாவும் மணையில் உட்கார்ந்து என்னைத் தாரை வார்த்தார்கள். நீ மூன்றாவது வரிசை நாற்காலியில் இருந்தாய். மாமியார் உன்னைக் காட்டி, "இவங்க யாரும்மா?" என்றார். "நான் இருந்த ஹாஸ்டல் வார்டன்" என்றேன்.

நீ என்னை ஒரு நொடி பார்த்தாய். "ஆமாங்க, வார்டன்தான். பொண்ணு நல்ல பொண்ணுங்க" என்றாய். கடைசிப் பந்தியில் உட்கார்ந்து, பாயசம் வரை சாப்பிட்டுவிட்டுத்தான் போனாய். சாப்பிடாமல் போனால் யாராவது ஏதாவது கேட்பார்கள் என்றா? அந்தச் சோறு உனக்கு எப்படி அம்மா இறங்கியது?

அத்தோடும் எனக்குப் புத்தி வரவில்லை. போன மாதம் நீ போனதும் ஷகிலா போன் செய்தாள். நாலாம் வீட்டில் என் பக்கத்துப் பாயில் படுத்து வளர்ந்தவள். "கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் பேரு எழுதிகினு கீறோம்டி. புள்ளைங்க வரிசைல நீ மூணாவது" என்றாள். என் பெயரைப் போடாதே, வீட்டுக்காரர் அந்த வழியாக வேலைக்குப் போவார் என்றேன். "சரி, மூஞ்சியாவது பாக்க வருவியா?" என்றாள். வந்தேன். தெருமுனையிலேயே நின்றுவிட்டு, உன்னைத் தூக்கும் முன்பே பஸ் ஏறிவிட்டேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நானும் வீட்டுக்காரரும் மகளும் ஆட்டோவில் அந்தப் பக்கம் போனோம். என் மகள் இப்போது இரண்டாம் வகுப்பு. கண்ணில் படும் போர்டையெல்லாம் படிப்பாள். எண்ணூர் முனையில் உன் பேனர் இன்னும் தொங்குகிறது. எழுத்துக்கூட்டிப் படித்து, விரல் விட்டு எண்ணி, "அம்மா, இந்தப் பாட்டிக்கு ஒம்போது புள்ளைங்களா?" என்றாள்.

"பத்து" என்றேன். என்னை அறியாமலே வாயில் வந்துவிட்டது.

"இன்னொருத்தர் எங்கம்மா?"

ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். உன் படத்துக்குக் கீழே நின்று அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உன் படத்தை நிமிர்ந்து பார்த்து, "அந்தம்மா கால்ல நாம விழவே இல்லியே" என்றார். காலடிப்பேட்டை வீட்டுக்கு வந்து மாமியாரிடமும் சொன்னேன். அவர் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். "அதான் அன்னைக்கு அந்தம்மா உன்னியே பாத்துகினு இருந்துச்சா?" என்றார். அவ்வளவுதான். நான் இத்தனை வருஷம் பயந்த எதுவும் நடக்கவில்லை. அதை நினைத்தால்தான் இன்னும் வெட்கமாக இருக்கிறது. யாருக்குப் பயந்து உன்னை வார்டன் ஆக்கினேன்?

புது இடத்திலும் ஒரே சமையல்கூடம் என்றுதான் பேச்சு அடிபடுகிறது. அடுத்த வாரம் பழைய பிள்ளைகளைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆறு வீட்டுக்கும் ஆறு அடுப்பு என்று கேட்கப் போகிறேன். அதற்கு முன்னால், நான் ரோசம்மா மகள் என்று எல்லார் முன்னாலும் சொல்வேன். முதல் வீட்டில் பால் காய்ச்சும் அன்று மாமியாரையும் அழைத்துப் போவேன். கல்யாண மண்டபத்தில் அவர் கேட்ட கேள்விக்கு, உன் படத்துக்கு முன்னால் நின்று திரும்பப் பதில் சொல்வேன்: "இவங்க எங்கம்மா."

உன் பத்துப் பிள்ளைகளில் மூன்றாவது,
நாலாம் வீட்டு தேவி