பியானோவின் அடியில் என் தலையணை

அன்புள்ள ஐடெல்லாவுக்கு,

கோணல் எழுத்துக்குக் கோபிக்காதே. நானே என் கையால் எழுதும் முதல் கடிதம் இது. உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

எழுத்துத் தெரியாமலே, காதை மட்டும் நம்பி இத்தனை வருடம் இசைத்தட்டுக் கம்பெனி நடத்திவிட்டேன். கார் டிக்கியில் வைத்துத் தட்டு விற்றவன், இப்போது நியூயார்க்கில் ஜாஸ் பதிவு செய்கிறேன். நேற்று எல்லாம் கெட்டுப்போயிருக்கும். பியானோக்காரன் குளோவிஸ் தரையை உதைத்துக்கொண்டே வாசித்தான். அந்தச் சத்தமும் பதிவில் விழுந்தது. ஸ்டூடியோவோ எங்களுக்கு நேற்று ஒரு நாள்தான்.

“காலைக் கொஞ்சம் அடக்குப்பா.”

“காலைக் கட்டினா கையும் நின்னுடும், பெரியவரே! வேணும்னா நீங்களே வந்து வாசிங்க!”

விடுதிக்கு ஓடி, என் தலையணையைக் கொண்டுவந்து அவன் பாதத்தின் கீழ் வைத்தேன்.

“தாலாட்டும் பாடுவீங்களா?” என்று சிரித்துவிட்டு வாசித்தான். உதைக்கும் சத்தமே இல்லை. நம் மிசிசிப்பி ஆற்றின் மேல் காலைப் பனி நகர்வதுபோல இருந்தது. கண்ணை மூடினேன், நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். தட்டு நிச்சயம் வெளிவரும்.

தலையணைதான் கிழிந்துவிட்டது. ஒன்று அனுப்பு. புதிது வேண்டாம், நீ தலை வைத்துப் படுப்பதையே அனுப்பு. உறையைத் துவைத்துவிடாதே.

தபால்காரர் வந்துவிட்டார். அடுத்த வாரம் இதைவிட நேராக எழுதுகிறேன்.

உன் லூத்தர்