எட்டு சி வகுப்பும் ஒரே இழுப்பும்

அன்பு மகள் நீதுவுக்கு,

பாறசாலையிலிருந்து அப்பா. தெய்வ கிருபையால் எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அந்த ஊர் நர்சிங் படிப்புக்கும் ஜெர்மன் பாஷைக்கும் நடுவில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பி எழுதுகிறேன். போனில் சொல்லாமல் மெயிலில் ஏன் இவ்வளவு நீளம் என்று கேட்காதே. போன் என்றால் நீ குறுக்கே கேட்பாய், நான் எரிந்து விழுவேன், விஷயம் பாதியில் நிற்கும். அம்மாவுக்குக் கழுத்து வலி, தையல் மிஷினை ஒரு வாரம் மூடி வை என்றால் நீங்க மட்டும் அந்தக் கம்ப்யூட்டரை மூடுவியளா என்று கேட்கிறாள். அது கிடக்கட்டும், நம் பள்ளிக்கூட விஷயத்துக்கு வருகிறேன்.

பழைய மாணவர் குரூப்பில் நீ எழுதியதைப் பார்த்தேன். எட்டாம் வகுப்பில் தமிழ் டிவிஷன் இந்த வருஷம் இல்லாமல் போனதற்கு ஆபீஸ் கிளார்க் சபரீஷ்தான் காரணம், தமிழ் வாசிக்கத் தெரியாதவனை அங்கே உட்கார வைத்தால் இப்படித்தான் என்று எழுதியிருந்தாய். நூற்றுப் பன்னிரண்டு பேர் கைதட்டியிருக்கிறார்கள். மகளே, அதைச் செய்தது சபரீஷ் இல்லை, நான். பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் பிள்ளைகளை எண்ணுவார்கள், அதை வைத்துத்தான் அந்த வருஷம் எத்தனை டிவிஷன், எத்தனை டீச்சர் என்று முடிவாகும், உனக்குத் தெரியும். அன்றைக்கு மழையில் ஆபீஸில் நெட் போய் நேரம் கழித்துத்தான் வந்தது, மேலே அனுப்பவேண்டிய எட்டாம் வகுப்புப் பட்டியலில் சபரீஷ் ஒவ்வொரு பெயராகத் தடவிக்கொண்டிருந்தான். பி.டி.ஏ. தலைவர் என்று அங்கே நின்றவன் நான், பொறுக்க முடியாமல், மாறு அப்பி என்று அந்தப் பையனை எழுப்பிவிட்டு அவன் பாஸ்வேர்டிலேயே உட்கார்ந்தேன். பயிற்றுமொழிக் கட்டத்தில் முதல் வரியைப் பிடித்துக் கடைசிவரை ஒரே இழுப்பாக இழுத்தேன். முதல் வரி எட்டு ஏ, மலையாளம். எட்டு சியின் பதினான்கு தமிழ்ப் பிள்ளைகளும் அந்த இழுப்பில் மலையாளம் ஆனார்கள். ஹெட்மாஸ்டர் பூதலிங்கம் சார், பிரிண்ட் எடுத்து, தமிழ் எடுக்கும் ஆனந்தலட்சுமி டீச்சரிடம் காட்டிவிட்டு அனுப்பலாம் என்றார். இதுபோல நூறு பார்த்தவனாக்கும் சார் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உத்தரவு வந்தபோது எட்டாம் வகுப்பில் தமிழ், பூஜ்யம்.

அந்தப் பள்ளிக்கூடம் தமிழில் தொடங்கியது. ராஜா காலத்து முதல் சேர்க்கை ரெஜிஸ்டரை நானே ஸ்கேன் செய்தேன், அறுபது பெயரும் தமிழ் எழுத்தில் இருக்கிறது. ஐம்பத்தாறில் மாநிலம் பிரிந்து விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கமும் நாம் கேரளப் பக்கமும் ஆன பிறகும் தமிழும் மலையாளமுமாக ஒரே மணிக்கு வகுப்பு நடந்தது. எழுபது வருஷத்தில் எந்த ஹெட்மாஸ்டரும் எட்டு சியை எடுக்கவில்லை, நான் ஒரு விரலால் எடுத்தேன். இப்போது பதினான்கு பேரும் எட்டு ஏயில் கடைசி மூன்று பெஞ்சில் இருக்கிறார்கள். செங்கல் கிராமத்திலிருந்து வரும் சங்கரி என்ற பிள்ளை போர்டில் உள்ள மலையாளத்தைப் பார்த்து நோட்டில் வரைகிறாள், எழுதவில்லை நீது, வரைகிறாள். நீ வாசித்த புதன்கிழமைத் தமிழ்ச் செய்தி அசெம்பிளியில் இப்போதும் உண்டு, வாசிப்பது ஒன்பதும் பத்தும் படிக்கும் பிள்ளைகள், அவர்களுக்குப் பிறகு யார் என்று தெரியாது. எட்டு சி அறையில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கியிருக்கிறார்கள்.

விளக்கம் கேட்டு மெமோ சபரீஷுக்கு வந்தது. வேலைக்கு வந்து ஒரு வருஷம் ஆகவில்லை, இன்னும் நிரந்தரமும் இல்லை, இருந்தும் என் பெயரை அவன் சொல்லவில்லை. பூதலிங்கம் சாரிடம் போனேன். எலே ஜெயதாசே, வெளி ஆளை அங்க இருத்தினது ஆருண்ணு கேட்டா உருளப்போறது என் தலையாக்கும், மார்ச்சில நான் ரிட்டயர் ஆகணும், அவன் சின்னப் பிராயம், தாங்கிக்கிடுவான், நீ வாயை மூடிட்டு இரி என்றார். மூன்று வாரம் மூடிக்கொண்டு இருந்தேன். முப்பத்தொன்பது வயதில் மகளிடம் தப்பைச் சொல்வதைவிட இந்த மூன்று வாரத்தைச் சொல்லத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. நேற்று ஆனந்தலட்சுமி டீச்சரிடம் சொன்னேன், டிவிஷன் போனதால் அவர்களுக்கு வேறு பள்ளிக்கு மாற்றல் வந்துவிட்டது. எங்கிட்ட படிச்ச அப்பமே நீ பரீட்சைப் பேப்பரைத் திரும்பப் பாக்காம குடுத்துட்டு முதல்ல வெளிய ஓடுறவனாக்கும், நான் வாசல்ல நிறுத்தித் திருப்பி அனுப்புவேன், இந்தத் தடவை வாசல்ல நான் இல்லாமப் போனேன் மக்கா, என்று சிரித்தார்கள். பிறகு சிரிக்கவில்லை.

நாளைக் காலை நெய்யாற்றின்கரைக்குப் போய்க் கல்வி ஆபீஸில் எழுதிக் கொடுக்கிறேன். கட்டத்தை நிரப்பியது நான், சபரீஷ் அல்ல என்றும், பதினான்கு பேரின் சேர்க்கை விண்ணப்பத்திலும் தமிழ் என்றுதான் இருக்கிறது என்றும் நகலோடு கொடுக்கிறேன். டிவிஷன் திரும்புமா, கேஸ் வருமா, நம் கம்ப்யூட்டர் கடைக்கு இனி யாராவது ஆபீஸ் வேலை தருவார்களா, ஒன்றும் தெரியாது. பூதலிங்கம் சார் இனி என் முகத்தில் முழிக்கமாட்டார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வெள்ளைச் சட்டை தேச்சு வச்சிருக்கேன், போயிட்டு வாங்க என்றாள், அவ்வளவுதான்.

நீ அங்கே மருந்து கொடுக்குமுன் கட்டிலில் உள்ள பெயரை இரண்டு முறை படி, இந்த அவசரம் என் ரத்தத்திலிருந்து உனக்கும் வந்திருக்கும். உன் கைக்கும் கண்ணுக்கும் கர்த்தர் துணை நிற்கட்டும், காலையும் மாலையும் உன் பெயரைச் சொல்லித்தான் ஜெபம் முடிக்கிறோம். ஒன்றை மறக்காதே. குரூப்பில் எழுதியதைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டுப் போகாதே. கைதட்டிய நூற்றுப் பன்னிரண்டு பேரும் பார்க்கும்படி அதன் கீழேயே எழுது, செய்தது என் அப்பா என்று. பெயரையும் போடு.

உன் அப்பா,
ஜெயதாஸ்