எஞ்சின் ஓயாமல் ஓடிய உப்பளம்

ஷீதலின் அப்பாவுக்கு, கட்ச் ரண் உப்பளத்திலிருந்து லாபு வணங்கி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மோர்பி ஊரில் டைல்ஸ் சூளைச் சூட்டில் நிற்கும் உங்களை நினைத்துத்தான் கவலை. அங்கேயே நிரந்தர வேலை தருவதாக மேஸ்திரி சொன்னாராமே. அவருக்குப் பதில் சொல்லும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

போனில் பாதிப் பேச்சு காற்றில் போய்விடுகிறது. அதனால் தண்ணீர் லாரிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். சோலார் பம்பு வந்துவிட்டது! மகளிர் சங்கத்துப் பெண்கள் நாங்களே தகடுகளைத் தூக்கி மாட்டினோம். "மேகம் போட்டா சூரியனுக்கு யாருடி டீசல் ஊத்துவா?" என்று கிண்டல் செய்தீர்களே, போன வாரம் மேகம் மூடத்தான் செய்தது. கிணற்று உப்புத்தண்ணீர் நூலாகத்தான் வந்தது. வெயில் திரும்பியதும் பாத்தியெல்லாம் நிரம்பிவிட்டது.

முதல் நாள் நான் அடித்த கூத்தைக் கேளுங்கள். மதியம் கம்பு ரொட்லாவும் பூண்டுச் சட்னியும் தின்றுவிட்டுக் கண்ணயர்ந்தேன். விழித்தால் டீசல் எஞ்சின் சத்தமே இல்லை. செருப்புகூடப் போடாமல் கிணற்றுக்கு ஓடினேன். "எந்தக் கடன்காரன்டா எஞ்சினை நிறுத்தினது? பாத்தி காஞ்சா உப்பு போச்சுடா" என்று உங்கள் தம்பி கர்சனைப் பிடித்து வைதேன். "அண்ணி, எஞ்சின் சாக்கைப் போத்திக்கிட்டுத் தூங்குது. குழாயைப் பாருங்க" என்றான். தண்ணீர் அதுபாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. இப்போது நான் படுத்தாலே அண்ணி நிம்மதியாகத் தூங்கட்டும் என்று வாயாலேயே டக்டக்கென்று எஞ்சின் ஓட்டுகிறான்.

இந்த வருஷம் டீசலுக்காக வியாபாரியிடம் முன்பணம் வாங்கவில்லை. அதனால் அவர் சொன்ன உப்பு விலைக்குத் தலையாட்ட வேண்டியதில்லை. ஷீதலின் படிப்பையும் நிறுத்த வேண்டாம். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பழைய எஞ்சினை விலைக்குக் கேட்டு ஆள் வந்தார். மாமனார் வாங்கி வைத்தது, நீங்கள் வந்து சொல்லாமல் கொடுக்கமாட்டேன் என்றேன். பாத்தியில் உப்பு கெட்டிப்பட்டுவிட்டது. உப்பை வாரப் பலகை இழுக்க என் கையும் கர்சன் கையும் போதாது. டீசல் காசு சம்பாதிக்கத்தானே நீங்கள் போனீர்கள்.

எஞ்சின் ஓடிய காலத்தில் உங்கள் பைக் குடிசை வாசலில் வந்து நின்றாலும் எனக்குக் கேட்காது. இப்போது ரண் உப்புவெளியின் அந்தக் கோடியில் வரும்போதே கேட்கும். சாயங்காலமானால் அந்தப் பக்கம் காதை வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறேன். ஹோலிக்கு முன் மாதாஜி அம்மன் உங்களைக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
லாபு